வரிசையின் நடுவில் ஒரு வீடு

ஆடி மழையில் நனைந்த ஒரு பிளாஸ்டிக் பையை டீச்சர் என் மேசைமேல் வைத்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பைக்குள் இன்னொரு பை, அதற்குள் செய்தித்தாள் சுற்று, அதற்கும் உள்ளே கணக்கெடுப்புப் படிவங்கள். டீச்சரின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அறையின் சிமென்ட் தரையில் ஓடி என் செருப்புவரை வந்தது. படிவங்களில் மட்டும் ஒரு பொட்டு ஈரமில்லை. கடற்கரை ஊரான இனயத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டு பேருந்து மாறி, அந்த மழையில் அவர் அவற்றைக் கைக்குழந்தையைப்போலக் கொண்டுவந்திருந்தார். அதை அப்போது நான் கவனித்தேன். ஆனால் அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

சுனாமி வந்து மூன்றாவது வருடம் என்று நினைவு. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஓர் அறக்கட்டளை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கொடுக்க முன்வந்தது. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது நான்தான் ஒரு வழி சொன்னேன். மாவட்டத்தின் எல்லா வீடுகளையும் வருமானம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை ஒரே வரிசையில் நிறுத்தினால், சரிபாதியில் ஒரு வீடு வரும். அந்த நடுவீட்டின் வருமானம் எவ்வளவு என்று மதிப்பிடுவோம்; அதற்குக் கீழே உள்ள எந்த வீட்டுப் பிள்ளை விண்ணப்பித்தாலும் கட்டணம் உண்டு என்றேன். எல்லா வீட்டுக்கும் போக முடியாது. மலையோரத்திலிருந்து கடற்கரைவரை, பொறுக்கி எடுத்த ஊர்களில், பொறுக்கி எடுத்த வீடுகளுக்குப் போவது என்று முடிவாயிற்று. கேள்விப் படிவத்தை நானே தயாரித்தேன். மனிதருக்கு நன்றாக நினைவிருப்பது கடந்த மாதம்தான் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆகவே "சென்ற முப்பது நாட்களில் குடும்பத்துக்கு வந்த வருமானம்" என்று முதல் பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி வைத்தேன். வருகிற விடையைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டு வருமானம். அந்தப் படிவத்தைப் பற்றி எனக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்க ஆறுபேரை அமர்த்தியிருந்தோம். அவர்களில் ஒருவர் டீச்சர். உண்மையில் பள்ளிக்கூட ஆசிரியை அல்ல, இனயத்தில் ஒரு பால்வாடியை நடத்திவந்தார். ஊரில் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கணவர் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றில் தொழிலாளி. டீச்சர் பட்டம் முடித்திருந்தார், எழுத்து மணிமணியாக இருக்கும், பேச்சு குறைவு. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கு வந்த கணக்கெடுப்புகளுக்குக் கணக்கே இல்லை. வந்தவர்களைப் பார்த்தாலே ஜனங்கள் கதவைச் சாத்துகிற காலம் அது. அவர் போனால் திறப்பார்கள் என்பதற்காகத்தான் அவரைச் சேர்த்தேன்.

அன்று அவர் கொண்டுவந்த படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதல் படிவத்தில் வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம். இரண்டாவதிலும் பூஜ்யம். மூன்றாவதில் ஏதோ சிறு தொகை. பிறகு தொடர்ந்து பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பாதிக்குமேல் அப்படித்தான். வருமானமே இல்லாத வீட்டில் ஐந்துபேர், ஆறுபேர் உயிரோடு இருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். முந்தைய வருடம் வேறொரு ஆய்வில் ஒருவன் சாயாக்கடையில் உட்கார்ந்தே ஐம்பது படிவத்தை நிரப்பியதை நான் கண்டுபிடித்திருந்தேன். கள்ளத்தைக் கண்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. மற்ற ஐந்துபேரும் அதே அறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் கேட்டேன்.

“டீச்சர், இந்த வீட்டுக்கெல்லாம் போனீங்களா, இல்ல உங்க வீட்டில இருந்தே எழுதினீங்களா?”

சாயாக் குவளைகளின் சத்தம் நின்றது. டீச்சர் என்னையே பார்த்தார்.

“போனேன் சாரே. சில வீட்டுக்கு ரண்டு தடவ போனேன்.”

“போனவங்க இப்படி எழுதமாட்டாங்க.”

“பின்னால பாக்கணும் சாரே” என்றார் அவர்.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம், இப்போது விட்டுவிடுங்கள் என்று தவணை கேட்கிறார் என நான் எடுத்துக்கொண்டேன். “பின்னால பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, இப்பமே பாத்தாச்சு” என்றேன். அடுத்த வாரத்திலிருந்து கடற்கரை ஊர்களை வேறொருவர் பார்ப்பார் என்றும் சொன்னேன். டீச்சர் வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார். பிறகு அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், குடையை எடுத்தார், போய்விட்டார். அழவில்லை, சண்டை போடவில்லை. அதுவும் எனக்கு ஒரு சாட்சியாகப் பட்டது. தப்பில்லாதவர் என்றால் சத்தம் போட்டிருப்பாரே என்று நினைத்தேன். எதிரில் இருப்பவர் பேசாமல் போனால் நமக்கு வேண்டிய எதையும் அந்த மௌனத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு வேலையை மட்டும் பறித்தவனாக இருந்திருப்பேன். மறுநாள் இனயத்துத் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். டீச்சர் வீடுகளுக்கு உண்மையிலேயே வந்தாரா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா எனக் கேட்டேன். விசாரிப்பது என்றால் கடற்கரையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கிற ஊர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் "டீச்சர் கள்ளக்கணக்கு எழுதினாவளாம்" என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. சுனாமி நிவாரணத்தில் யார் பெயர் எப்படி எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்ற புண் ஆறாத நேரம். கள்ளக்கணக்கு என்ற சொல் அந்த ஊரில் அன்றைக்குத் திருட்டைவிடப் பெரிய சொல். சில தாய்மார் பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் நானே இனயத்துக்குப் போனேன். டீச்சருக்கு நியாயம் செய்வதற்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். அறிக்கையில் அந்தப் படிவங்களைத் தள்ளுபடி செய்ததற்குக் காரணம் எழுதவேண்டியிருந்தது. ஏழு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு, காலைப் பேருந்தில் ஏறினேன். மழை வெறித்திருந்தது. கடல் மட்டும் அடங்கவில்லை, கல்லில் அடித்து வீட்டுக் கூரைவரை தூவானம் வீசியது.

முதல் வீட்டில் ஒரு பெண் வாசலில் அலுமினியப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீன் விற்கக் கொண்டுபோகும் பாத்திரம். நான் யாரென்று சொன்னதும் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“டீச்சர் வந்தாவளா இங்க?”

“வந்தாவளே. ஒரு மணிக்கூர் இருந்தாவ.”

“போன மாசம் வருமானம் ஒண்ணும் இல்லன்னு சொன்னியளா?”

“ஆமா, சொன்னேன். போட்டெல்லாம் கொச்சியில கட்டிக் கிடக்கு. மழைக்காலத்தில மீன்பிடிக்கத் தடை இல்லியா. போட்டு போனாத்தானே பங்கு வரும்? வரல்ல, அதனால இல்லன்னு சொன்னேன்.”

“பின்னே வீட்டில சோறு எப்படி?”

“நான் மீன் விக்கப் போறேன்லா” என்றார் அந்தப் பெண், இதுகூடத் தெரியாதா என்ற குரலில். “சின்ன வள்ளம் கரையேறும்போ மீன் எடுத்து, கருங்கல் சந்தைக்குக் கொண்டு போவேன்.”

“அது வருமானம் இல்லியா?”

அவர் சிரித்தார். “அது வருமானமா சாரே? காலையில வித்தது மத்தியானம் அரிசியாப் போவும். வருமானம்னா ஆம்பளைக்க பங்கு. அதத்தானே நீங்க தாளில கேட்டிருக்கிய?”

அவர் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். “இத எல்லாம் டீச்சர் எழுதினாவளே சாரே. தாளத் திருப்பி வச்சுப் பின்னால எழுதினாவ. நான் பாத்தேன்.”

படிவத்தைத் திருப்பினேன்.

வெறும் பக்கமாக இருக்கவேண்டிய அந்தப் பின்பக்கத்தில், பென்சிலால், பொடி எழுத்தில் அடுக்கடுக்காக எழுதியிருந்தது. கணவர் கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை தடவை ஆழ்கடலுக்குப் போனார், ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள், எந்தப் பயணத்தில் பங்கு வந்தது, எதில் டீசலுக்கே சரியாகிவிட்டது. மனைவி வாரத்தில் எத்தனை நாள் மீன் விற்கிறார், நல்ல நாளில் கையில் என்ன மிஞ்சும், கெட்ட நாளில் என்ன. மூத்த மகள் வலை பின்னுவதில் வருவது. கடைசியில் ஒரே ஒரு வரி: "முன்பக்கக் கேள்விக்கு இவர்கள் சொன்ன பதில் பூஜ்யம். கேட்டதற்குச் சொன்னதை எழுதியிருக்கிறேன்." பையிலிருந்த மற்ற ஆறையும் அங்கேயே நின்று திருப்பிப் பார்த்தேன். ஆறிலும் எழுத்து. ஒரு வாரத்துக்கு மேலாக அந்தத் தாள்கள் என்னிடம் இருந்தன. ஒன்றைக்கூட நான் திருப்பவில்லை. "பின்னால பாக்கணும் சாரே" என்று அவர் சொன்னது என்னவென்று அப்போதுதான் என் காதுக்குக் கேட்டது.

மற்ற ஆறு வீடுகளுக்கும் போனேன். போகாமல் திரும்பியிருக்கலாம், தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. ஆனாலும் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில். ஒரு வீட்டில் மட்டும் அந்த வீட்டுக்காரர் என்னை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்திப் பேசினார். “எங்க பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது அவிய. அவிய கள்ளம் எழுதுவாவன்னு நாகர்கோவில்ல இருந்து ஒருத்தன் போன் போட்டானாம். அது நீங்கதானா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

பால்வாடி, மாதா சிலை வைத்த குருசடிக்குப் பின்னால் ஓட்டுக்கட்டடத்தில் இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நேரம். டீச்சர் வாசலுக்கு வந்தார், என்னைக் கண்டதும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வழியில் யோசித்துவைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. தாளைத் திருப்பிப் பார்க்காதது என் தப்பு, எல்லார் முன்னாலும் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

“எனக்கிட்ட சொன்னா தீருமா சாரே?” என்றார் டீச்சர். “நீங்க எனக்கிட்டயா கேட்டிய? அந்த ரூமில அஞ்சுபேரு இருந்தாவ. போன் போட்டது கோயிலுக்கு. இப்பம் ஏழு வீட்டில ஏறி இறங்கியிருக்கிய. அங்கயெல்லாம் சொல்லணும்.”

குரல் உயரவில்லை. கோபமாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. இன்ன இன்ன வீடு பாக்கியிருக்கிறது என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதுபோலச் சொன்னார். நான் அன்று மாலையே அந்த ஏழு வீடுகளுக்கும் மறுபடி போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, டீச்சர் எழுதியது சரி, தப்புச் செய்தது நான் என்று சொன்னேன். முதல் வீட்டில் நாக்குப் புரளவில்லை. நாலாவது வீட்டுக்குள் பழகிவிட்டது. என்னை வாசலில் நிறுத்தியவர் இந்த முறை உள்ளே கூப்பிட்டுப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். பங்குத்தந்தையைப் பார்த்து, அடுத்த ஞாயிறு அறிவிப்பில் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை நாகர்கோவிலில் அந்த ஐந்துபேர் முன்னாலும் சொன்னேன். பேராசிரியர் பதவியில் இருப்பவன் இப்படி ஊர் ஊராக மன்னிப்புக் கேட்டு அலைந்தது என் சகாக்கள் சிலருக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கு இப்போது யோசித்தாலும் அந்த வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

திரும்பி வேலைக்கு வரவேண்டும் என்று கேட்டபோது டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார். “ஆளை மாத்தாதீங்க சாரே. தாளை மாத்துங்க.”

மாற்றினோம். அதை நானும் டீச்சரும் ஒரு மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து எழுதினோம். ஒரு மாதம் என்பதை ஒரு வருடமாக்கினோம். வருமானம் என்ற சொல்லையே முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். இந்த வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள், எந்த மாதங்களில் அந்த வேலை உண்டு, எந்த மாதங்களில் இல்லை, அன்றன்றைக்கு வந்து அன்றன்றைக்கே தீர்ந்துபோவது எவ்வளவு, வெளிநாட்டிலிருந்து யாராவது அனுப்புகிறார்களா என்று தனித்தனியாகக் கேட்டோம். கூட்டுவது எங்கள் வேலை, அவர்களுடையது அல்ல.

புதிய தாளைச் சோதித்துப் பார்க்க இருவருமாக மலையோரத்து அருமனைப் பக்கம் போனோம். அந்தப் பகுதிப் படிவங்கள் எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தன. எல்லா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வீட்டிலும் மாத வருமானம் அழகாக, சொல்லிவைத்ததுபோல ஒரே அளவில் இருந்தது. ஒரு சந்தேகமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஓரத்தில் இருந்த ஒரு வீட்டில் அந்தத் தொழிலாளியிடம் டீச்சர் கேட்டார்: “அண்ணே, போன மாசம் எத்தன நாள் வெட்டு?”

“போன மாசமா? நல்ல கதை. மழையில எங்க வெட்ட? பட்டை நனைஞ்சா பாலு சிரட்டையில விழாது, மரத்தோட வழிஞ்சு போவும். ஆறோ ஏழோ நாள் வெட்டியிருப்பேன்.”

“பின்னே தாளில முழு மாசக் கூலி இருக்கே?”

“கணக்கெடுக்க வந்த பையன் சாதாரணமா எவ்வளவு வரும்னு கேட்டான். சாதாரணமா வர்றதச் சொன்னேன்.”

வெளியே வந்து நடந்தோம். நான் கள்ளம் என்று ஒதுக்கிய தாள்களில் கேட்டதற்கான பதில் இருந்தது. ஒழுங்கு என்று மெச்சிய தாள்களில் படிவம் கேட்காத ஒரு கேள்விக்கான பதில் இருந்தது. கடலிலும் மலையிலும் ஒரே மழைதான் பெய்தது. கடற்கரைத் தாளில் மட்டும் அது பதிவாகியிருந்தது. பொறுக்கி எடுத்த வீடுகள் எல்லாவற்றுக்கும் புதிதாகப் போவது என்று அந்த ரப்பர் தோட்டத்து மண்பாதையில் வைத்து முடிவு செய்தேன். அறக்கட்டளையிடம் இரண்டு மாதம் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்.

கார்த்திகை பிறந்தபின் ஒரு சனிக்கிழமை, கல்லூரிக் கலையரங்கின் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, தரையில் படிவங்களைப் பரப்பினோம். கணிப்பொறியில் ஏற்கெனவே கணக்குப் போட்டாயிற்று. ஆனாலும் அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த அதிகாரிக்குக் கண்ணால் காட்டவேண்டும் என்று டீச்சர்தான் சொன்னார். வருமானம் குறைந்த வீட்டிலிருந்து கூடிய வீடுவரை, தாள்கள் அரங்கைப் பாம்புபோல வளைந்து வளைந்து நிறைத்தன. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிறு கல் வைத்தோம்.

அந்த அதிகாரி சென்னைக்காரர், கணக்குத் தெரிந்தவர், நல்லவரும்கூட. எல்லாவற்றையும் கூட்டி வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா, சராசரி என்றால் எல்லோருக்கும் புரியுமே என்று கேட்டார். சராசரி எங்கள் நடு எண்ணைவிட ரொம்ப மேலே நின்றது. அதை எல்லையாக வைத்தால் கட்டணம் கேட்கத் தகுதியுள்ள வீடுகள் கூடிவிடும், இருக்கிற நிதி சின்னத் துண்டுகளாகி யாருக்கும் உதவாமல் போகும். நான் விளக்கத் தொடங்குமுன் டீச்சர் அவரை வரிசையின் கடைசித் தாளுக்குக் கூட்டிப்போனார்.

“இது வளைகுடாவில சொந்தமாக் கடை வச்சிருக்கவருக்க வீடு சாரே. அந்தக் கடையில நாளைக்கு இரட்டிப்பு லாபம் வந்தா உங்க சராசரி ஏறுமா?”

“ஏறும்.”

“கடற்கரையில ஒரு வீட்டுக்காவது கூடுதலா ஒரு நேரச் சோறு வருமா?”

வராது என்று அதிகாரி தலையசைத்தார். “அவருக்க மாடியில ஏறி நின்னுகிட்டு எங்க வீட்டுக்க உயரத்த அளக்காண்டாம் சாரே. நடுவில வாங்க” என்று சொல்லி டீச்சர் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். சரிபாதியில் இருந்த தாளின் கல்லை எடுத்துவிட்டு அவர் அதை அதிகாரியிடம் நீட்டினார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கணவர் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி, எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரிப் பருப்பு ஆலையில் தோல் உரிக்கிறார். இரண்டு பிள்ளைகள். ஓட்டுவீடு. நிற்கவைத்துப் பார்த்தால் மாவட்டத்தின் பாதி வீடுகள் இவர்களுக்குக் கீழே, பாதி மேலே. அதிகாரி முன்பக்கத்தைப் படித்தார். அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அப்படிச் செய்தபோது எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த நடு எண்தான் எல்லையாயிற்று. எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அது அந்த வருடத்தின் எண், இன்றைக்கு அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. நாலைந்து வருடம் அந்தக் கட்டணம் தொடர்ந்தது. நான் முதலில் போன வீட்டில் வலை பின்னிய மூத்த மகள் அதில்தான் நர்சிங் படித்து முடித்தாள். அவள் வீட்டின் வருமானம் எங்கள் பழைய தாளில் பூஜ்யம்; நான் அந்தத் தாளைத் தள்ளுபடி செய்திருந்தால் அப்படியொரு வீடே கணக்கில் இருந்திருக்காது.

டீச்சர் பிறகு முழுநேரமாக இந்த வேலைக்கே வந்துவிட்டார். பால்வாடியைத் தம் நாத்தனாரிடம் ஒப்படைத்தார். அறக்கட்டளை சில வருடம் கழித்து மறுபடி கணக்கெடுக்கச் சொன்னபோது அவர்தான் களப்பணியின் பொறுப்பாளர். நான் ஆலோசகன் என்ற பெயரில் இருந்தேன். இருபதுபேர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். ஊரில் அவர் பெயருக்கு நான் ஏற்படுத்திய காயம் முழுவதும் ஆறியதா என்று ஒருமுறை கேட்டேன். “சிலருக்கு இப்பமும் ஓர்மை இருக்கும். இருக்கட்டும்” என்றார்.

அந்த இரண்டாவது கணக்கெடுப்பில், கணிப்பொறி பொறுக்கி எடுத்த வீடுகளில் என் வீடும் விழுந்தது. ஆலோசகர் வீடு, தள்ளிவிடலாம் என்று ஒருவர் சொன்னாராம். விழுந்தது விழுந்ததுதான் என்று சொல்லி டீச்சரே ஒரு ஞாயிறு பிற்பகல் வந்தார். என் மனைவி முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் காப்பியைக் குடித்துவிட்டுத் தாளை எடுத்தார், என்னை முன்பின் தெரியாதவர்போலப் பெயரிலிருந்து தொடங்கினார்.

என் சம்பளத்தைச் சொன்னேன். பிடித்தம் போகக் கைக்கு வருவதைத்தான் சொன்னேன். பிடித்தத்தையும் கேட்டார். வேறு என்றார். வேறு ஒன்றுமில்லை என்றேன். அவர் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

“மேல் மாடியில யாரு இருக்காவ சாரே?”

வாடகைக்கு இருக்கிறார்கள் என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளே, திற்பரப்பில் தன் பங்குக்கு வந்த தோட்டத்தில் ரப்பர் இருப்பதைச் சொன்னாள். துபாயிலிருந்து மகன் அனுப்புவதைக் கடைசியாக நான் சொன்னேன். மறைக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வருமானம் என்றதும் சம்பளம்தான் ஞாபகத்துக்கு வந்தது, மற்றவையெல்லாம் ஏதோ தானாக வருகிறவை என்று இருந்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். என் கணக்கெடுப்பு முறையைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கேள்விக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

“நாம நடுத்தரம்தானே டீச்சர்?” என்று மனைவி கேட்டாள். எங்கள் வீட்டில் அடிக்கடி புழங்கும் சொல் அது. நடுத்தரக் குடும்பம், நம்மால் முடிந்தது இவ்வளவுதான் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தோம்.

“அத இப்பம் சொல்ல முடியாது அக்கா. எல்லா வீடும் முடியட்டும்” என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மூன்று மாதம் கழித்து முடிவுகள் வந்தன. எங்கள் வீடு எங்கே நிற்கிறது என்று நானே தேடிப் பார்த்தேன். வரிசையின் நடுவிலிருந்து தேடத் தொடங்கி, மேலே மேலே போய்க்கொண்டே இருந்தேன். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் கண்டேன். அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். நமக்கு மேலே விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே இருக்கின்றன என்றேன். அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பின்னே நம்மள நடுத்தரம்னு இத்தன நாளும் யாரு சொன்னா?”

“நாமதான்” என்றேன்.